கடிகாரம் நின்றதும் சிரித்தவர்

பேய்ப்படம் பார்த்துச் சிரிப்பவர்களை நான் நம்புவதில்லை. சோகப் படத்தில் சிரிப்பவனுக்கு வேறு ஏதாவது நினைவு வந்திருக்கலாம். பாட்டுக் காட்சியில் சிரிப்பவனுக்கு இசை தெரிந்திருக்கலாம். பேயைக் கண்டு சிரிப்பவன் மட்டும் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளவே சிரிக்கிறான். பணிக்காலம் முழுவதும் கடைசி வரிசையைப் பார்த்தே பாடம் நடத்திய எனக்கு அந்த வகைச் சிரிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது நன்றாகத் தெரியும்.

ஆகவே, என் மகள் மணந்துகொள்ள விரும்பிய மனிதர், என் வீட்டுக் கூடத்தில், என் கண்ணெதிரே உட்கார்ந்து, ‘மாடியறை மௌனம்’ படத்தின் உச்சக்காட்சியில் வாய்விட்டுச் சிரித்தபோது, இந்தத் திருமணம் நடக்காது என்று அந்த நொடியிலேயே முடிவு செய்தேன். அவசரப்பட்டுவிட்டதாகப் பின்னர்ப் பலர் சொன்னார்கள். பலர் என்றால் என் மனைவியும் மகளும்.

‘என் கண்ணெதிரே’ என்று எழுதியது முழுக்கச் சரியன்று. அதை உரிய இடத்தில் விளக்குகிறேன்.

முதலில், படத்தை அறியாதவர்களுக்காக அதன் கதை. விற்பனைக்கு வரும் பழைய மாளிகை ஒன்றை அளந்து கொடுப்பதற்காக நில அளவையாளர் ஒருவர் அங்கே வந்து தங்குகிறார். எல்லா அறைகளும் ஒழுங்காக இருக்கின்றன. மாடியறை மட்டும் ஒவ்வொரு நாளும் அளக்கும்போது முந்திய நாளைவிட ஒரு சாண் குறைகிறது. அலறல் இல்லை, இரத்தம் இல்லை. அளவுநாடாவில் எண் மட்டும் குறைகிறது. கீழே கூடத்தில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் படம் முழுவதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கட்டிலும் மனிதரும் தவிர வேறெதுவும் கொள்ளாத அளவுக்கு அறை சுருங்கிய அன்று அந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது. உடனே பேய் வருகிறது. பிறகு தோட்டத்தில் நாய் குரைக்கிறது, பேய் போய்விடுகிறது.

திருமணமான புதிதில் இந்தப் படத்தை நானும் என் மனைவியும் அவளுடைய தம்பியும் திரையரங்கில் பார்த்தோம். கடிகாரம் நின்றதும் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. நான் கண்களை மூடிக்கொண்டேன். நாய் குரைத்ததும் திறந்தேன். அதன் பிறகு அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதே முறையைத்தான் கடைப்பிடித்துவருகிறேன். இது கோழைத்தனம் அன்று. நல்ல கலைப்படைப்பின் முன் ஒருவர் காட்ட வேண்டிய அடக்கம். மேலும், பேயின் தோற்றத்தை என் மனைவி எனக்கு விரிவாகச் சொல்லியிருந்தாள்: நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், முழங்காலைத் தொடும் கூந்தல், விழியில்லாத கண்கள், நடந்த இடமெல்லாம் ஈரக் காலடி. அவள் எதையும் மிகைப்படுத்துபவள் அல்லள். சமையலில் உப்பைக்கூட ஒரு சிட்டிகை குறைத்தே போடுபவள். ஆகவே அந்த வருணனையை நம்பி, வருணனைக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். ‘ஈரக் காலடி’ என்று எழுதிய மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக உறவாக வருகிறவர் யாராயினும், எங்களுடன் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டும். என் மைத்துனரின் மனைவி அப்படிப் பார்த்தபோது, கடிகாரம் நின்றதுமே முகத்தைப் பொத்திக்கொண்டு போட்ட கூச்சலில் எதிர்வீட்டார் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். எங்களுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. பயப்படத் தெரிந்தவர்கள் பிறரிடமும் பார்த்து நடந்துகொள்வார்கள் என்பது என் கருத்து.

இனி அந்த மனிதரைப் பற்றி. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே செய்கிறார். கண்ணாடிக்காரர் என்றே எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். என் மகளுடைய மூக்குக்கண்ணாடியின் திருகு மட்டும் ஏன் வாரந்தோறும் தளர்ந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. விளங்கிய அன்றே அவளும் நேராக வந்து நின்றாள். “அப்பா, நீங்க சரின்னு சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஆனா நீங்க சரின்னு சொல்லித்தான் ஆகணும்.” ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு வாக்கியங்கள் என்று சுட்டிக்காட்டினேன். படத்துக்கு அழைத்து வா, பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அவர் வந்தார். வெளிச்சம் ஆகாது என்பதால் சன்னலில் படுக்கை விரிப்பைக் கட்டித் துணிக்கவ்விகளை மாட்டியிருந்தோம். நீண்ட இருக்கையில் என் மனைவியும் மகளும். மின்விசிறிக்கு நேர்கீழே, மடியில் ஒரு தலையணையுடன் என் மைத்துனர். இவர் காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகில் நடந்த எதைப் பற்றிப் பேசினாலும் “நான் நேர்லயே பார்த்தேன்” என்பார். அதனால் குடும்பத்தில் அவருக்குச் சாட்சி என்று பெயர். நான் எல்லாருக்கும் பின்னால் மர நாற்காலியில் அமர்ந்தேன். தேர்வுக்கூடத்தில் பின்னால் நிற்பவருக்குத்தான் எல்லாம் தெரியும். கண்ணாடிக்காரர் முன்னால், தரையில், தொலைக்காட்சிக்கு மிக அருகில் உட்கார்ந்தார்.

தொடக்கத்தில் அவர் நடத்தை குறை சொல்ல முடியாததாக இருந்தது. அளவையாளர் இரண்டாம் முறையாக அறையை அளந்தபோது கண்ணாடிக்காரரின் தோள்கள் காதுவரை ஏறின. மூன்றாம் முறை அளந்தபோது அவர் தேநீரில் தோய்த்த பிஸ்கட் கையிலேயே நனைந்து முறிந்து கோப்பைக்குள் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. என் மனத்தில் அவருக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது. நல்ல பையன் என்று ஒருமுறை நினைத்தும் விட்டேன்.

கடிகாரம் நின்றது.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நாற்காலியின் ஓரத்தில் வைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டேன். கூடத்தில் சத்தமே இல்லை. பிறகு முன்பக்கத்திலிருந்து மூக்கால் காற்று விடுவது போல ஏதோ கேட்டது. பிறகு இருமல் போல ஒன்று. பிறகு சந்தேகத்துக்கே இடமில்லாமல் சிரிப்பு. அதுவும் அடக்க அடக்கப் பீறிட்டு வரும் சிரிப்பு. நாய் இன்னும் குரைக்காததால் என்னால் கண்ணைத் திறக்க இயலவில்லை. மூடிய கண்ணுடனேயே “யாரது?” என்று அதட்டினேன். நாய் குரைத்தது. திறந்து பார்த்தால், கண்ணாடிக்காரர் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையால் வாயைப் பொத்தியிருந்தார். கண்களில் நீர் வழிந்தது.

எழுந்து நின்றவன் ஆத்திரத்தில் மறுபடி பொத்தென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தது என் மூக்குக்கண்ணாடியின் மேல்.

“மன்னிச்சுக்குங்க சார், அடக்க முடியல” என்றார் அவர். இன்னொரு முறை என் மனைவியையும் சாட்சியையும் பார்த்தார். மறுபடியும் உதடு துடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போயேவிட்டார். படத்தின் முடிவைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலையே எங்கள் குடும்பக் குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. என் மகள் அவசரப்பட்டு அவரை முன்கூட்டியே அதில் சேர்த்துவைத்திருந்தாள். உடைந்த கண்ணாடியின் ஒற்றை வில்லையைக் கைப்பேசியின் மேல் பிடித்து அதை வாசித்தேன்: “படம் நல்லா இருந்துச்சு சார் பேய் வந்ததும் சிரிச்சிட்டேன் தப்பா எடுத்துக்காதீங்க பேய் வராம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

கடைசியில் இருக்கும் முற்றுப்புள்ளி நான் இட்டது. அவர் எங்கும் எதையும் இடவில்லை. அது போகட்டும். பேய்ப்படத்தில் பேய் வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமாம். திருமணத்துக்கு மணமகன் வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதைப் போன்றது இது. இந்த ஒப்புமையையே எழுதி, ‘தங்கள் கருத்துப்படியே அவ்வாறு ஏற்பாடு செய்யப்படும்’ என்று சேர்த்து, நிறுத்தக்குறிகளுடன் அனுப்பிவைத்தேன். என் மகள் அதை வாசித்தாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை விவரிக்க வேண்டியதில்லை. மகள் என்னிடம் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் நான் பக்கத்தில் இருக்கும்போதே தாயிடம் சொன்னாள்: “அம்மா, வழியில காலை நீட்டிக்கிட்டு உட்கார வேணாம்னு சொல்லு.” தேநீர் வந்தது, சர்க்கரை வரவில்லை. சாட்சி மட்டும் என் பக்கம் நின்றார். “அத்தான் சொல்றதுதான் நியாயம். அந்தப் பேயை நான் நேர்லயே பார்த்தவன். அதைப் பார்த்துச் சிரிக்கிறவன் நாளைக்கு எதைப் பார்த்து வேணும்னாலும் சிரிப்பான்” என்றார். என் மனைவி அவருக்கும் சர்க்கரை இல்லாத தேநீரே கொடுத்தாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். மூக்குக்கண்ணாடி இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் செய்தித்தாளில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திய பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். இப்போது பிழைகள் கேட்பாரின்றி வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தன. வேறு இரண்டு கடைகளில் காட்டினேன். பழைய மாதிரிச் சட்டம், எங்களால் ஆகாது, அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள் என்று இரண்டு பேருமே ஒரே திசையில் கை நீட்டினார்கள்.

வேறு வழியின்றிப் போனேன். கடை முழுவதும் ஆள் முகம் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபமான முதியவர் ஒருவர் என்னை முறைத்தார். கண்ணாடிக்காரர் சட்டென்று எழுந்து நின்றார். உடைந்த மூக்குக்கண்ணாடி இருந்த பொட்டலத்தை நீட்டினேன். அவர் அதைப் பிரித்துப் பார்த்து, திருகு முடுக்கும் சிறிய திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு, உள்ளறையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

உள்ளே ஒரு நாற்காலி. எதிர்ச்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகக் குறைந்துகொண்டே வரும் எழுத்துகள் உள்ள பலகை. வில்லை இல்லாமலே எனக்குத் தெரிந்தது தரைதான். நாற்காலிக் காலிலிருந்து சுவர்வரை ஓர் அளவுநாடா விரித்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் இழுத்ததில் அது தடித்துப்போயிருந்தது.

இது என்ன என்று கேட்டேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

“அளந்து பாத்தேன் சார். இங்க நாற்காலிக்கும் பலகைக்கும் தூரம் மாறக் கூடாது. கடை ஆரம்பிச்சப்ப அளந்து வெச்சது.”

“அப்படியானால் இப்போது எதற்கு?”

“அன்னிக்குப் படம் பாத்துட்டு வந்ததுலேருந்து ரூம் கொஞ்சம் சின்னதான மாதிரி இருக்கு. அதான் தினமும் காலையில வந்ததும் அளக்கிறேன்.”

“குறையுதா?” என்றேன். குறைகிறதா என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். குரலும் என் அனுமதி இல்லாமல் தாழ்ந்துவிட்டது.

“இல்ல சார். ஆனா ஒவ்வொரு தடவையும் கதவ நல்லாத் திறந்து வெச்சுட்டுத்தான் நாடாவை எடுக்கிறேன்.”

பேய்ப்படம் ஒன்றைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் கேட்டதில்லை. பிறகு எனக்குக் கோபம் நினைவுக்கு வந்தது. இவ்வளவு பயந்தவர் ஏன் சிரித்தார் என்று கேட்டேன். பேய் வந்ததும் பயம் போய்விட்டது என்றார். நிலைப்படி உயரத்தையும் முழங்கால் கூந்தலையும் விழியில்லாத கண்ணையும் ஈரக் காலடியையும் கண்டு பயம் போகும் மனிதரை நான் பார்த்ததில்லை என்றேன். அவர் திருப்புளியை அந்தரத்தில் பிடித்தபடி முழுவதையும் கேட்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க சொல்ற பேய் அந்தப் படத்துல இல்ல.”

என் மனைவி பார்த்திருக்கிறாள் என்றேன். “அம்மாகிட்டயே கேளுங்க சார். நான் அன்னிக்குச் சிரிச்சது பேய்க்கு மட்டும் இல்ல. சிரிப்பு வந்ததும் உங்க எல்லாரையும் திரும்பிப் பாத்தேன். மீதிய நான் சொன்னா மரியாதையா இருக்காது.”

மூக்குக்கண்ணாடியில் வில்லையைப் பொருத்தி, காதில் மாட்டும் கம்பியைப் புதிதாகப் போட்டு, துடைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தார். நான் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பேயை வருணி என்றேன்.

“இப்ப எதுக்குங்க பேய்?”

“வருணி.”

“அதான் உசரம், முடி, ஈரக் கால். உங்களுக்குத் தெரியாததா? நீங்களும்தானே பாத்தீங்க.”

“நீ பார்த்ததைச் சொல்.”

அவள் ஒரு தலையணை உறையை மிகப் பொறுமையாக மடித்தாள். “நான் ஏங்க பாக்கப்போறேன்? கடிகாரம் நின்னதும் கண்ண மூடிக்குவேன். தியேட்டர்லேருந்து வர்ற வழியில தம்பி சொன்னான். நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்களும் ஆமான்னு தலையாட்டினீங்க. சரி, பாத்திருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.”

சாட்சியைத் தொலைபேசியில் அழைத்தேன். உடனே வந்தார். நேரிலேயே பார்த்ததாக வழக்கம்போலத் தொடங்கினார். தலையணை எதற்கு வைத்திருந்தார் என்று கேட்டேன். இடுப்பு வலிக்கு என்றார். இடுப்பு வலிக்கு வைத்த தலையணை ஏன் முகத்தில் இருந்தது என்று என் மனைவி கேட்டாள். அது அவள் எப்படிப் பார்த்தாள் என்று சாட்சி எதிர்க்கேள்வி கேட்டார். நாய் குரைத்ததும் கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தத் தலையணைதான் என்றாள். சாட்சி உண்மையைச் சொன்னார்.

“எனக்கு அக்காதான் சொல்லுச்சு. அக்கா பாத்தா நான் பாத்த மாதிரிதானே.”

“எனக்கு நீதானடா சொன்னே.”

“நீ ‘உசரமா இருந்திருக்கும்ல?’ன்னு கேட்ட. நான் ‘ஆமா, முடியும் நீளம்’னேன்.”

“ஈரக் காலடி?” என்றேன் நான். ஆண்டுதோறும் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தவன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். “அது நீங்க சொன்னது, அத்தான். அன்னிக்கு மழை பெஞ்சு ரோடெல்லாம் ஈரம்.”

அப்போதுதான் என் மகள் அறைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தாயிடம் சொல்லவில்லை, என்னிடமே சொன்னாள்.

“கடிகாரம் நின்னா கண்ண மூடணும், நாய் குரைச்சா திறக்கணும்னு சின்ன வயசுலேயே சொல்லிக்குடுத்தது நீங்கதான்பா. வாய்ப்பாட்டுக்கு முன்னாடி அதத்தான் நான் மனப்பாடம் பண்ணினேன். இந்த வீட்டுல அந்தப் பேயைப் பாத்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரைத்தான் நீங்க வேணாம்னுட்டீங்க.”

படிக்காத பாடத்துக்கு விடைத்தாள் திருத்தியவர் என்று என்னைப் பற்றி யாராவது சொன்னால், அதில் எந்த இடத்தில் பிழை காண்பது என்று தெரியவில்லை. ஆகவே ஆசிரியராக இருந்தவர் செய்யக்கூடியதைச் செய்தேன்: மறுதேர்வு அறிவித்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு படத்தைப் பார்ப்பது. பேய் அஞ்சத்தக்கதாக இருந்தால் என் முடிவு நிற்கும். இல்லாவிட்டால் நான் சரி என்று சொல்வேன். “சரின்னு சொல்லுவீங்களா, இல்ல சரியா இருக்கான்னு பாப்பீங்களா?” என்று மகள் கேட்டாள். சொல்வேன் என்றேன். அன்றைய தேநீரில் சர்க்கரை இருந்தது.

மறுபடியும் படுக்கை விரிப்பு, துணிக்கவ்விகள், பிஸ்கட். இம்முறை இடம் மாறிற்று. கண்ணாடிக்காரரை என் மர நாற்காலியில் பின்னால் உட்காரவைத்தேன். யாராவது கண்ணை மூடினால் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. சாட்சியிடமிருந்து தலையணையைப் பறிமுதல் செய்தேன். நான் முன்னால் தரையில் அமர்ந்தேன். அளவையாளர் அளந்தார், அறை குறைந்தது, மறுபடி அளந்தார். எனக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே வியர்த்தது, ஏனென்றால் இம்முறை தப்பிக்க வழி இல்லை.

கடிகாரம் நின்றது.

“சார், கண்ணு” என்றார் கண்ணாடிக்காரர் பின்னாலிருந்து, மெல்ல. திறந்தேன்.

திரையில் மாடியறைக் கதவு திறந்தது. ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு உள்ளே வந்தது. அது அளவையாளரின் தோளுக்குத்தான் வந்தது. விரிப்புக்குக் கீழே துணிக் காலணிகள் தெரிந்தன. ஒன்றில் நாடா அவிழ்ந்திருந்தது. இரண்டடி வைத்ததும் விரிப்பின் நுனி கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. பேய் நின்றது. திரும்பியது. கிழிந்துவிடாமல் மிகுந்த பொறுப்புடன் அதை விடுவித்து, நுனியை மடித்து முழங்கை மேல் போட்டுக்கொண்டது. அப்போது அதன் கையில் ஒரு கைக்கடிகாரம் தெரிந்தது. பேய் அதில் நேரமும் பார்த்தது. பிறகு தான் வந்த வேலை நினைவுக்கு வர, இரண்டு கைகளையும் உயர்த்தியது. அதற்குள் நாய் குரைத்துவிட்டது. பேய் தூக்கிவாரிப்போட்டுத் துள்ளியது. போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது.

பிறகு என் மனைவி சொன்னாள்:

“யாரோ வீட்டுப் பிள்ளை. மழை வர்றதுக்குள்ள துணி எடுக்க வந்த மாதிரி இருக்கு.”

அதோடு அணை உடைந்தது. மகள் தாயின் தோளில் சாய்ந்து சிரித்தாள். தாய்க்கு விக்கல் எடுத்துவிட்டது. சாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தக் கைக்கடிகாரத்தை நான் அப்பவே பாத்தேன்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது கோபம். இப்படி ஓர் அறையை உண்டாக்கியவர், ஒரு நாடாவைக் கொண்டே ஊரை நடுங்கவைத்தவர், எதற்காக இந்த விரிப்பை உள்ளே அனுப்பினார்? அது வராமல் இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இதை நான் உரக்கவே கேட்டுவிட்டேன் போலும். எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சொன்ன வாக்கியம் எனக்கே எங்கோ கேட்டதாகத் தோன்றியது. கைப்பேசியை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

“அதான் சார் நானும் சொல்ல வந்தேன்” என்றார் கண்ணாடிக்காரர். “நீங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தீங்களே, அதுதான் சார் நல்ல படம். எனக்கும் அதைத்தான் பாக்கணும்.”

யோசித்துப் பார்த்தேன். பேய் வராத ‘மாடியறை மௌன’த்தை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவந்தவர்கள் நாங்கள்தாம். கடிகாரம் நிற்கும், ஏதோ வரும், நாய் குரைக்கும். அந்த ஏதோவை யாரும் கண்டதில்லை. நாங்கள் மூடிய கண்ணால் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் திறந்த கண்ணால் வந்து சேர்ந்திருக்கிறார். கண் பரிசோதிப்பவரிடம் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

படத்தைச் சற்றுப் பின்னால் ஓட்டச் சொன்னேன். சாட்சி இரண்டு முறை தவறான பொத்தானை அழுத்திவிட்டு, மூன்றாம் முறை மாடியறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடிக்காரரும் முன்னால் வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். நாடா விரிந்தது. சுவர்கள் நெருங்கின. கடிகாரம் நின்றது. ஐந்து பேரும் கண்களை மூடிக்கொண்டோம்.

என்ன சொல்வது, மறுபடியும் பயமாக இருந்தது. விரிப்பையும் காலணியையும் கைக்கடிகாரத்தையும் கண்ணால் கண்ட பிறகும், அந்த இருட்டுக்குள் உயரமாக ஒன்று தலையைக் குனிந்து நிலைப்படியைக் கடந்தது. தரையில் ஈரக் கால் வைக்கும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

தேர்வுக்கூடப் பழக்கம் விடாது. ஒரு கண்ணை மட்டும் திறந்து, திரையின் பக்கம் திரும்பாமல், கண்ணாடிக்காரரைப் பார்த்தேன். நேர்மையாக, முகம் சுருங்க, இறுக மூடியிருந்தார். ஒரு கையில் பிஸ்கட் நொறுங்கிக்கொண்டிருந்தது. மறு கையை என் மகள் பிடித்திருந்தாள். இதற்குத் தேர்வுக்கூடத்தில் விதிகள் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாய் குரைத்தது. ஒருவரும் திறக்கவில்லை.

“சரி” என்றேன், மூடிய கண்ணுடன்.

“எதுக்குப்பா சரி?” என்று மகளின் குரல் கேட்டது.

“நீ கேட்டதற்கு.”

அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் மனைவி சன்னலில் இருந்த விரிப்பை இழுத்தாள். அதன் நுனி கொக்கியில் மாட்டிக்கொண்டது. மறுபடி ஒரு சிரிப்பு. சாட்சி பேச்சில் அப்போதே கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டார். தனக்குத் தெரிந்த மண்டபம் ஒன்று இருப்பதாகவும், ஐந்நூறு பேர் தாராளமாக உட்காரலாம் என்றும், தானே நேரில் பார்த்ததாகவும் சொன்னார்.

“அவர் பாத்தது இருக்கட்டும்” என்றார் கண்ணாடிக்காரர், என் பக்கம் குனிந்து. “எதுக்கும் முதல் நாளும் அளந்து பாத்துட்டு, அன்னிக்குக் காலையிலயும் ஒரு தடவை அளந்துடலாம், மாமா.”

அதுவரை சார் என்றே அழைத்தவர். அளவுநாடா கொண்டுவர வேண்டாம், என்னிடமே ஒன்று இருக்கிறது என்றேன். அவருடைய கடையிலிருந்து திரும்பிய அன்று வாங்கியது. என் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், சுண்ணக்கட்டியோடு சேர்த்து ஆணியில் தொங்குகிறது.